தாழ்ப்பாள் வெளியே நின்ற மத்தியானம்

கதவு படாரென்று சாத்திக்கொண்டபோது தாழ்ப்பாளின் கையில் காலி வாளி இருந்தது, தோளில் துண்டு இருந்தது, இடுப்பில் சாவி இருந்தது. எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தன. அவர் மட்டும் கதவுக்கு வெளியே இருந்தார்.

தாழ்ப்பாள் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவர் கோட்டையின் வாயிற்காவலர். எந்தக் கதவைப் பார்த்தாலும் சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அடுத்த வீட்டு அலமாரியைக்கூட விட்டுவைக்க மாட்டார். கோட்டையில் யார் இந்தப் பெயரை வைத்தார்களோ தெரியாது. இப்போது அவர் மனைவியே மற்றவர்களிடம் பேசும்போது “எங்க வீட்டுத் தாழ்ப்பாள்” என்றுதான் சொல்கிறாள்.

அந்தக் கோட்டைக்கு ஒரே வாசல். வாசலில் ஒரு பெரிய இரும்புக் கதவு. உள்ளேயிருக்கும் சக்கரத்தைச் சுற்றினால் அது மேலே ஏறும். சக்கரத்துக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரே ஒரு சாவி, சாவி தாழ்ப்பாளின் இடுப்பில். பெரிய கதவின் வயிற்றில் ஆள் குனிந்து போகிற மாதிரி ஒரு சின்னக் கதவு. அதற்குத் திட்டிவாசல் என்று பெயர். உள்ளிருந்து தள்ளினால் வெளிப்பக்கமாகத் திறக்கும், விட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும். வெளிப்பக்கத்தில் கைப்பிடி கிடையாது.

“ஒரு பிடி வச்சா என்னங்க, குறைஞ்சா போயிடுவீங்க?” என்று அவர் மனைவி கல்யாணமான புதிதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். எதிரி பிடித்து இழுக்க நாமே பிடி வைத்துக் கொடுப்பதா என்பது தாழ்ப்பாளின் கட்சி. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் மனைவிக்குப் பயப்படாமல் இருந்தார்.

நேற்று ஒரு காற்றில் திட்டிவாசல் லேசாகத் திறந்துகொண்டு, ஓர் ஆடு உள்ளே வந்துவிட்டது. வந்த ஆடு சும்மா போகாமல் தளபதியின் மெத்தையைத் தின்றுவிட்டது. தளபதி தாழ்ப்பாளைக் கூப்பிட்டு நிதானமாகத்தான் பேசினார். மலைக்கு அந்தப் பக்கம் எதிரி ராஜா படையோடு கூடாரம் போட்டிருக்கிறான், நம் ராஜாவோ சேனையை எல்லாம் கூட்டிக்கொண்டு வேறு எல்லைக்குப் போய்விட்டார், கோட்டையில் மிச்சம் இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள், இந்த லட்சணத்தில் ஆடு வருகிற வழியில் ஆள் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். இன்னொரு தடவை இந்த வாசலால் ஒரு வம்பு வந்தால் பாலைவனச் சாவடிக்கு மாற்றிவிடுவதாகவும் சொன்னார்.

பாலைவனச் சாவடி என்றால் ஒரு கூடாரமும் ஓர் ஒட்டகமும். தாழ்ப்பாளுக்கு இப்போது இருப்பது வாசலுக்கு மேலே இரண்டு அறை வீடு. ஈரம் ஊறும் பின்கட்டுக் கொட்டடியில் பாதி ஆயுளைக் கழித்த பிறகு கிடைத்த வீடு. விஷயத்தைக் கேட்ட மனைவி, ஒட்டகத்தோடு குடித்தனம் பண்ண ஆசையிருந்தால் அவரைத் தனியாகப் போய்ப் பண்ணச் சொல்லிவிட்டாள், தான் தம்பியோடு இருந்துகொள்வதாக. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

நேற்றுச் சாயங்காலமே திட்டிவாசலின் இரும்புச் சுருளைக் கழற்றி இரண்டு மடங்கு முறுக்கி மாட்டினார். இனிமேல் காற்று என்ன, புயலே வந்தாலும் திறக்காது என்று தட்டிக்கொடுத்தார்.

இன்றைக்கு வழக்கம்போல, அகழியில் காவலிருக்கும் பூதத்துக்குச் சாப்பாடு போட, கதவைத் தோளால் முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். வழக்கம்போலக் கதவிடுக்கில் ஒரு செங்கல்லை வைத்தார். வாளியைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினால், செங்கல் அவர் காதை உரசிக்கொண்டு பறந்துபோய் அகழியில் விழுந்தது. கதவு சாத்திக்கொண்டது.

தளபதி சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற நேரம். அவர் எழுந்திருப்பதற்குள் உள்ளே போய்விட்டால் ஒன்றும் நடக்காதது மாதிரி இருந்துவிடலாம். தாழ்ப்பாள் அகழிப் பாலத்தில் பின்னால் நகர்ந்து நின்று, தன் வீட்டு ஜன்னலைப் பார்த்து மெல்லிய குரலில் கூப்பிட்டார். மனைவி பெருக்கிக்கொண்டிருந்த துடைப்பத்தோடு எட்டிப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள்.

“பிடி வைக்கலைல்ல?” என்றாள்.

அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம், இப்போது தளபதி எழுந்திருப்பதற்குள் ஏதாவது வழி சொல் என்று அவர் கெஞ்சினார். சாவியை மேலே எறியுங்கள், என் தம்பியையும் நாலு பேரையும் வைத்துச் சக்கரத்தைச் சுற்றச் சொல்கிறேன் என்றாள். நல்ல யோசனையாகத்தான் இருந்தது. தாழ்ப்பாள் சாவியை அவிழ்த்து, குறி பார்த்து, ஜன்னலை நோக்கி வீசினார்.

மதில் மேல் ஒரு கல் யாளி உட்கார்ந்திருக்கிறது. வெளியிலிருந்து எது மதில் உயரத்துக்கு வந்தாலும் நெருப்பைத் துப்பும். காக்கைகூட அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டுதான் போகும். யாளியைத் தூங்க வைக்க வேண்டுமானால் உள்ளிருந்து அதன் வாலைத் தடவ வேண்டும். அது தாழ்ப்பாளின் கைக்கு மட்டும்தான் பழக்கம், வேறு கை பட்டால் கடித்துவிடும். இதையெல்லாம் அதற்குப் பழக்கியவரும் அவரேதான். சாவி கையைவிட்டுப் போன பிறகு இது அவர் ஞாபகத்துக்கு வந்தது.

உருகிய இரும்பு நாலைந்து சொட்டாகப் பாலத்தில் விழுந்தது. ஒரு சொட்டு அவர் செருப்பில் விழுந்து ஓட்டை போட்டது.

“ஒரே சாவிதானே?” என்று மனைவி மேலேயிருந்து கேட்டாள்.

“பாதுகாப்புக்காக,” என்றார் தாழ்ப்பாள்.

அவள் ஜன்னலை விட்டு இறங்கிவிட்டாள். திட்டிவாசலுக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. தான் உள்ளிருந்து தள்ளுவதாகவும், திறந்த உடனே அவர் சட்டென்று நுழைந்துவிட வேண்டும் என்றும் சொன்னாள். தாழ்ப்பாள் கதவுக்கு நேராகத் தயாராக நின்றார். அவள் கையால் தள்ளினாள், அசையவில்லை. காலால் தள்ளினாள், அசையவில்லை. இரண்டு மடங்கு முறுக்கிய சுருளாயிற்றே. கடைசியில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஓடிவந்து தோளால் ஒரு மோது மோதினாள்.

கதவு திறந்தது. திறந்த வேகத்தில் தாழ்ப்பாளின் நெற்றியில் அடித்து அவரை அகழிக்குள் தள்ளியது. பின்னாலேயே மனைவி கையில் துடைப்பத்தோடு பாலத்தில் வந்து விழுந்தாள். அவளுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

அகழிப் பூதம் தாழ்ப்பாளை இடுப்போடு தூக்கித் தண்ணீருக்கு மேலே பிடித்தது. இப்போதுதான் அவர் கையால் சாப்பிட்டிருந்ததால் அதற்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

“நீங்க சொல்லிக் குடுத்ததுதான். தண்ணியில யார் விழுந்தாலும் முகம் பார்க்காம தூக்கி எறின்னு,” என்றது. “தப்பா நினைச்சுக்காதீங்க.”

அவரை அக்கரைப் புதரில் எறிந்தது. எதிரியை எறிவது போல இல்லாமல் கொஞ்சம் மெதுவாகத்தான் எறிந்தது.

நொண்டிக்கொண்டு பாலத்துக்குத் திரும்பிய தாழ்ப்பாளை மனைவி எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால்கூட அவருக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். துடைப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு பாலத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, மேலே அடுப்பில் வைத்த பாத்திரம் தீய்ந்துகொண்டிருக்கும் என்று மட்டும் சொன்னாள்.

சத்தம் கேட்டு மச்சான் வந்துவிட்டான். சிப்பாய், பலசாலி, அக்காவின் மேல் உயிர். அவன் உள்ளேயிருந்து விசாரித்துவிட்டுச் சிரித்தான். இது ஒரு ஆள் வேலை இல்லை, ஒருவன் தள்ள வேண்டும், இன்னொருவன் இடுக்கில் கட்டை கொடுக்க வேண்டும், அக்காவுக்கு இது தெரியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை என்றான். இன்னொரு சிப்பாயைக் கூட்டிக்கொண்டு, சமையல்கட்டிலிருந்து தொடை கனத்துக்கு ஒரு விறகுக்கட்டையும் எடுத்துக்கொண்டு வந்தான். இந்த முறை தாழ்ப்பாள் முன்யோசனையாக ஒதுங்கி நின்றார்.

தள்ளியவன் தள்ளிய வேகத்தில் வெளியே வந்தான். கட்டை கொடுக்கக் குனிந்திருந்த மச்சானும், கதவு திரும்பி வந்து பின்பக்கத்தில் கொடுத்த அடியில் வெளியே வந்தான். கட்டை முறிந்து பாதி உள்ளே கிடந்தது, பாதி அவன் கையில் இருந்தது. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அத்தான், இது கதவா வேற எதுவுமா?”

தாழ்ப்பாளுக்கு அந்த நிலையிலும் உள்ளூரக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அதை முகத்தில் காட்டாமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. மனைவி அதைக் கவனித்துவிட்டாள்.

பிறகு பூதத்திடம் பேசிப் பார்த்தார்கள். தண்ணீரில் விழுந்தவர்களைத்தானே எறிய வேண்டும், விழாதவர்களைத் தூக்கி மதில் மேல் விடலாமே என்று மச்சான் சட்டம் பேசினான். பூதம் யோசித்துவிட்டுச் சரி என்றது. தாழ்ப்பாளை உள்ளங்கையில் உட்கார வைத்து உயரத் தூக்கியது. தூரத்திலிருந்தே யாளியைப் பார்த்து அவர் அன்பாக நாலு வார்த்தை பேசிக்கொண்டே போனார். அது குட்டியாக இருந்தபோது தான் எண்ணெய் தேய்த்துவிட்டதையெல்லாம் சொன்னார். யாளி முழுவதையும் பொறுமையாகக் கேட்டது. கேட்டுவிட்டு, முகம் பார்க்காமல் துப்பியது.

மீசையில் பாதி போய்விட்டது. பூதத்துக்கும் கையில் சுட்டுவிட்டதால் கோபித்துக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டது.

கருகிய வாசனைக்கு வைத்தியர் வந்தார். மருந்துக் கிண்ணத்தோடு திட்டிவாசலுக்கு உள்ளே நின்று, காயம் எவ்வளவு ஆழம் என்று கேட்டார். யாரும் வெளியே வரவேண்டாம், வந்தால் திரும்ப முடியாது என்று நாலு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். வைத்தியருக்குக் காது கொஞ்சம் மந்தம். நாலு பேர் கத்துகிறார்கள் என்றால் நிலைமை மோசம் என்று புரிந்துகொண்டு, துணைக்கு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு, எல்லாருமாகத் தள்ளி எல்லாருமாக வெளியே வந்தார்கள். மருந்து நல்ல மருந்துதான். தடவினவுடனே எரிச்சல் குறைந்தது.

இதற்குள் உள்ளே மிச்சமிருந்தவர்களுக்குள் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. வெளியே ஏதோ விசேஷம் நடக்கிறது, போனவன் ஒருத்தனும் திரும்பவில்லை, அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று. ஒருவன் ஏன் போனான் என்று பார்க்க இன்னொருவன் போனான். உள்ளே காவலுக்கு வேறு யாராவது இருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். ஆயுதக் கிடங்குக்காரரும் குதிரைக்காரரும் ஆளுக்கொரு தரம் மோதிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். பாலத்தில் நிற்க இடம் குறைந்துகொண்டே வந்தது.

தாழ்ப்பாள் மனதுக்குள் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். தளபதி நன்றாகத் தூங்க வேண்டும்.

தளபதி எழுந்துவிட்டார். கன்னத்தில் தலையணையின் தழும்போடு திட்டிவாசலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, என்ன நடக்கிறது என்று கேட்டார். ஒருவரை ஒருவர் முன்னால் தள்ளிவிடப் பார்த்தார்கள். கடைசியில் தாழ்ப்பாள்தான், மூடிய கதவுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, ஆதியோடந்தமாகச் சொன்னார். சாவி விஷயத்தை மட்டும் கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார்.

அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் முன்னும் பின்னுமாக இரண்டு தரம் நடந்தது.

“ஒரு கதவைத் திறந்து பிடிச்சுக்க ஒருத்தனுக்கும் துப்பு இல்லை,” என்றது தளபதியின் குரல். “தள்ளிட்டு, ஒரு காலை உள்ளேயே ஊனிக்கணும். அவ்வளவுதான்யா. நல்லாப் பாருங்க.”

“ஐயா, வேண்டாம்,” என்றார் தாழ்ப்பாள்.

தளபதி வெளியே வந்து விழுந்தார். ஊன்றிய காலின் செருப்பு மட்டும் உள்ளே இருந்தது.

அவர் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு, கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் வெளுத்தது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டார்கள். சமையல்காரர் இருக்கிறார் என்று மச்சானுக்கு ஞாபகம் வந்தது. எல்லாருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. சமையல்காரர் கனத்த சரீரம், எங்கேயும் அவ்வளவு சுலபமாக நகர்கிறவர் இல்லை. பொறுமையாகச் சொன்னால் தட்டுமுட்டுச் சாமான்களைக் கதவுக்குப் பக்கத்தில் அடுக்கி, யோசித்து, நிதானமாக ஒரு வழி பண்ணிவிடலாம். தளபதி கதவில் வாயை வைத்துச் சமையல்காரரைக் கூப்பிடத் தொடங்கினார்.

முழுப்பெயரையும் சொல்லி முடிப்பதற்குள் கதவு திறந்தது. இத்தனை பேர் முட்டி மோதித் திறந்த கதவு அவருக்கு மட்டும் லேசாகத் திறந்தது. கரண்டியைக் கையில் பிடித்தபடி அவர் நடந்தே வெளியே வந்தார்.

“சாப்பாடு ஆறிப்போகுது, ஒரு ஆளையும் காணோமேன்னு பார்க்க வந்தேன்,” என்றார். கதவு அவருக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.

தளபதி பாலத்திலேயே உட்கார்ந்துவிட்டார். உலகத்திலேயே மிகப் பலமான கோட்டை இன்றைக்குக் காலியாக இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு தாழ்ப்பாளைப் பார்த்து, பாலைவனச் சாவடிக்கு இன்றைக்கே கிளம்பும்படியும், மூட்டை கட்டிக்கொள்ளும்படியும் உத்தரவு போட்டார்.

“கட்டிக்கிறேங்க ஐயா,” என்றார் தாழ்ப்பாள். “மூட்டை உள்ள இருக்கு.”

அப்போதுதான் மலைச்சரிவில் கொம்பு ஊதியது.

முதலில் கொடிகள் தெரிந்தன. பிறகு ஈட்டிகள், பிறகு ஏணிகளும் கவண் வண்டிகளும். சரிவு முழுக்கக் கறுப்பாக ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பாலம் போவது ஒரே திசையில்தான், அவர்கள் வருகிற திசையில். இந்தப் பக்கம் கதவு. கீழே கையைச் சுட்டுக்கொண்டு கோபத்தில் இருக்கும் பூதம்.

ஓட வழியில்லை என்பது தெரிந்த பிறகு யாருக்கும் பதற வேண்டிய அவசியம் இருக்கவில்லை. தளபதி ஒற்றைச் செருப்போடு எழுந்து, வரிசையில் நிற்கச் சொன்னார். நின்றார்கள். மச்சானிடம் அரைக் கட்டை இருந்தது, வைத்தியரிடம் கிண்ணம் இருந்தது, சமையல்காரரிடம் கரண்டி இருந்தது. வாளை யாரும் எடுத்து வரவில்லை. வெளியே சண்டை என்று யாரும் சொல்லவில்லையே.

தாழ்ப்பாள் எல்லாருக்கும் முன்னால் போய் நின்றார். இத்தனைக்கும் காரணம் நான்தான், முதல் அடி என் மேல் விழட்டும் என்று நினைத்தார். பயமாகத்தான் இருந்தது. பக்கத்தில் நிழலாடியது. மனைவி துடைப்பத்தோடு வந்து நின்றாள்.

“பின்னாடி போ,” என்றார்.

“பின்னாடி எங்க போறது? உங்க கதவுதான் இருக்கு.”

அவர் ஒருமுறை திரும்பிக் கதவைப் பார்த்தார். பிறகு, “ஒரு பிடி வச்சிருக்கணும்,” என்றார். “நீ சொன்னப்பவே வச்சிருக்கணும். என் தப்புதான்.”

“இப்போவாவது சொன்னீங்களே,” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு துடைப்பத்தை இறுக்கிப் பிடித்தாள். “நீங்க ஒட்டகத்தோட இருக்கப் போயிருந்தா, நானும் வந்திருப்பேன். தம்பியோட இருந்துக்கறேன்னு சும்மாதான் சொன்னேன்.”

எதிரிப் படை பாலத்தின் மறுமுனைக்கு வந்து நின்றது. யாரும் அம்பு விடவில்லை. கவண்காரர்கள் கல்லை எடுக்கவில்லை. முன்வரிசை ஆட்கள் தங்களுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, இவர்களையும் மூடிய கதவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இவர்களும் அசையாமல் பார்த்தார்கள். அசைந்தால் தண்ணீரில் விழ வேண்டியதுதான், அவ்வளவு நெருக்கம்.

கடைசியில் கூட்டம் விலகி, ஒரு கிழவர் மட்டும் கோலில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு பாலத்தில் நடந்து வந்தார். எதிரி ராஜாவின் தூதர். வழியில் கிடந்த உருகிய இரும்பைத் தாண்டும்போது காலைத் தூக்கி வைத்துத் தாண்டினார். தாழ்ப்பாளின் பாதி மீசையையும், நனைந்து காய்ந்த துணியையும், அவர் மனைவியின் துடைப்பத்தையும் உற்றுப் பார்த்தார். பிறகு கோலைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பினார்.

“மத்தியானத்துலேருந்து மலை மேல நின்னு பார்த்துட்டுத்தாங்க இருந்தோம், தன்னந்தனியா வெளிய வந்து கதவைச் சாத்தினீங்க, திரும்பிப் போகக்கூடாதுன்னு சாவியை நெருப்புல உருக்கினீங்க, பூதத்தோட மல்லுக்கட்டினீங்க, சமையல்காரர் வரைக்கும் ஒருத்தர் பாக்கியில்லாம வந்து நின்னுட்டீங்க, இப்படிப்பட்ட ஆளுங்களோட மோத எங்களால ஆகாது, நாங்க மொத்தப் பேரும் சரணடையறோம், தயவுசெஞ்சு சீக்கிரமா உள்ள கூட்டிட்டுப் போய்ச் சிறையில போட்டுடுங்க.”